மிதுஷாவின் தகப்பன் என்ற இடத்திலிருந்து என் பெயரை எடுக்க வேண்டாம் எனக் கோரும் மனு

அனுப்புநர்:
கந்தையா பேரின்பநாதன்,
நிலக்கீழ் வீடு, இல. 4,
மொன்ட்ரியால்-நோர்.

பெறுநர்:
குடும்பநல மதிப்பீட்டு அதிகாரி அவர்கள்,
குடும்ப வழக்குப் பிரிவு,
மொன்ட்ரியால்.

பொருள்: நான் சட்டப்படி தத்தெடுத்த மகள் செல்வி மிதுஷா றஜிந்தன் (வயது 13) மீது எனக்குள்ள பெற்றோர் உரிமையை, விவாகரத்தைக் காரணம் காட்டி முடித்துவைக்கும்படி செய்யப்பட்டுள்ள விண்ணப்பத்துக்கு மறுப்புத் தெரிவித்தலும், அதற்கு நான் வைத்த சம்மதக் கையெழுத்தைத் திரும்பப் பெற அனுமதி வேண்டுதலும்.

மதிப்பிற்குரிய அம்மணி,

சென்ற மாதம் தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, தாங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் ஓம், இல்லை என்று மட்டுமே பதில் சொன்னேன். அதைக் கண்டு, சொல்ல இருப்பதை என் மொழியிலேயே எழுதித் தரும்படி பணித்தீர்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருந்து இதை எழுதியிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் திரு. ஜோன்சன் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நான் கோபத்தில் எழுதிய இடங்களைத் தயவுசெய்து கோபமாகவே மொழிபெயர்க்கவும். பவ்வியமாக மாற்ற வேண்டாம்.

1. எனக்கு வயது 51. சென்ட் லோரன்ட்டிலுள்ள ஒரு பண்டகசாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். என்மீது பொலிஸில் எந்த முறைப்பாடும் கிடையாது. குடிப்பதில்லை. இவையெல்லாம் நான் நிரப்பித் தந்த படிவத்தில் உள்ளன. படிவத்தில் எழுத இடம் இல்லாதவற்றையே இங்கு எழுதுகிறேன்.

2. மிதுஷாவைப் பெற்ற தகப்பனின் பெயர் றஜிந்தன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே வீட்டில் ஆறு பேர் இருந்தோம். என் பக்கத்துக் கட்டில் அவனுடையது. என்னிலும் ஏழு வயது இளையவன், என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவான். பிறகு யோகராணியை மணம் முடித்து ரொக்ஸ்பரோவில் குடியேறினான். 2013ஆம் ஆண்டு மாசி மாதம், உறைபனி படர்ந்திருந்த பெருந்தெருவில் அவன் ஓட்டிப் போன வான் புரண்டு இறந்துபோனான். அப்போது பிள்ளைக்குப் பத்து மாதம். செத்த வீட்டில் ஆளாளுக்குக் கைமாறிக்கொண்டிருந்த பிள்ளை என்னிடம் வந்ததும் என் சேர்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நித்திரையாகிவிட்டது. எழுப்பக் கூடாதென்று நான் மூன்று மணித்தியாலம் அசையாமல் ஒரே கதிரையில் இருந்தேன். எனக்கும் அவளுக்கும் உள்ள உறவு எப்போது தொடங்கியது என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. கலியாணத் திகதியை எழுதினேன். அது பிழை. தொடங்கியது அந்தக் கதிரையில்.

3. 2015ஆம் ஆண்டு யோகராணியும் நானும் மணம் முடித்தோம். 2018இல் நீதிமன்றம் மூலம் பிள்ளையைத் தத்தெடுத்தேன். அன்று வழக்கறிஞர், பிள்ளையின் பெயரையும் என் பெயருக்கு மாற்றுவதா என்று கேட்டார். எங்கள் ஆட்களில் பிள்ளையின் பெயரோடு வருவது தகப்பனின் பெயர்தான் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். மிதுஷா றஜிந்தன் என்றால், றஜிந்தனின் மகள் மிதுஷா. என் பெயரைப் போட்டால் மிதுஷா பேரின்பநாதன் ஆகிவிடுவாள். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அவனுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் பிடுங்கி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து படியில் நின்றபோது யோகராணி, "உங்களுக்குப் பெரிய மனசு" என்று சொல்லி அழுதார்.

ஆகவே அவளுடைய பத்திரத்தில் தகப்பன் என்ற இடத்தில் என் பெயரும், அவள் பெயருக்குப் பின்னால் அவன் பெயரும் இருக்கின்றன. எல்லை கடந்து நியூயோர்க்குக்கு ஒரு கலியாணத்துக்குப் போனபோது, அதிகாரி இரண்டு பெயரையும் மாறி மாறிப் பார்த்து எங்களை ஓரமாக நிறுத்தினார். அன்றிலிருந்து தத்தெடுத்த தீர்ப்பின் மூலப்பிரதியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு என் குளிர்கோட்டின் உள்பையில் வைத்திருக்கிறேன். இப்போது என்னோடு பயணம் செய்ய ஒருவரும் இல்லை. ஆனாலும் அது அந்தப் பையில்தான் இருக்கிறது.

4. பிள்ளை கதைக்கத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் தானே பெயர் வைத்திருந்தாள். சுவரில் இருந்தவர் படத்து அப்பா. நான் வீட்டு அப்பா. இதை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு மாசியிலும் றஜிந்தனின் திவசத்தன்று படத்துக்கு முன்னால் சோறு கறியோடு ஒரு கோப்பியும் வைப்போம். பால் இரண்டு, சீனி இரண்டு போட்டு, சந்தியிலுள்ள டெப்பனர் கடையில் அவன் தினமும் வாங்கிக் குடித்த அதே கோப்பி. பிள்ளைதான் தூக்கிக்கொண்டு வருவாள். வழியில் சிந்திவிட்டால், "பா கிறாவ் அப்பா, படத்து அப்பா ஏச மாட்டார்" என்பாள். பிரெஞ்சில் அதற்குப் பரவாயில்லை என்று பொருள் என எனக்குச் சொல்லித் தந்ததும் அவள்தான்.

5. சனிக்கிழமைகளில் பியர்ஃபோனில் நீச்சல் வகுப்பு. ஆறு வயதிலிருந்து நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் போவோம். எனக்கு நீந்தத் தெரியாது, தண்ணீர் என்றால் பயம். தடாகக் கரையில் போட்டிருக்கும் வாங்கில் துவாயோடு இருப்பேன். அவள் ஒவ்வொரு முறையும் சுவரைத் தொட்டதும் தலையைத் தூக்கி நான் இருக்கிறேனா என்று பார்ப்பாள். நான் கையைக் காட்டுவேன். "எங்கட அப்பாக்கு ஷவருக்குக் கீழ நிக்கவே பயம்" என்று சிநேகிதிகளுக்குச் சொல்லிச் சிரிப்பாள். அப்படி என்னை நக்கல் அடிக்க இன்று ஒருவர்கூட இல்லை அம்மணி. பண்டகசாலையில் எல்லாரும் எனக்கு மரியாதை தருகிறார்கள். அது ஒன்றும் பெரிய சந்தோஷமாக இல்லை.

6. இனி எழுதுவது தங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இந்த வழக்கே இதில்தான் நிற்கிறது.

நான் தங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று, கோப்பி வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். சரி என்று தாங்கள் மட்டும் குடித்தீர்கள். உண்மையில் எனக்கு அந்தக் கோப்பி வேண்டியிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் முதல் தரம் கேட்டவுடன் ஓம் என்று சொல்வதில்லை. அது மரியாதைக் குறைவு. வேண்டாம் என்போம். வீட்டுக்காரர், "இல்லை இல்லை, கொஞ்சம் குடியுங்கோ" என்று இன்னொரு தரம் கேட்பார். அப்போது ஓம் என்போம். கோபத்திலும் இதே கதைதான். எனக்கு ஒன்றும் வேண்டாம், நான் போகிறேன் என்று ஒருவர் எழும்பினால், மற்றவர் கையைப் பிடித்து இருத்த வேண்டும். இருத்துவார்கள் என்று நம்பித்தான் எழும்புவதே.

இந்த நாட்டில் பிறந்த பிள்ளை என்றாலும் மிதுஷாவுக்கு இது நல்லாய்த் தெரியும். எதைத் தந்தாலும், "அப்பா, வேணுமோ?" என்று கேட்டு, நான் வேண்டாம் என்றதும், கண்ணை உருட்டிக்கொண்டு, "சரி, இப்ப உண்மையைச் சொல்லுங்கோ, வேணுமோ?" என்று திரும்பவும் கேட்பாள். பள்ளிக்கூட விழாவில் கேக் துண்டோடு வந்த ரீச்சருக்கு, "அப்பாட்ட ரெண்டு தரம் கேக்கோணும் மதாம்" என்று விளக்கம் வேறு கொடுத்தாள்.

7. யோகராணியும் நானும் 2024இல் விவாகரத்துப் பெற்றோம். அடிதடி இல்லை, ஏச்சுப் பேச்சு இல்லை. கதைப்பது குறைந்து குறைந்து, கடைசியில் குளிர்சாதனப் பெட்டியில் துண்டு எழுதி ஒட்டும் அளவுக்கு வந்துவிட்டோம். அதில் என் பிழை பாதிக்கு மேல். அவர் நல்ல தாய். அவரைப் பற்றி இம்மனுவில் குறையாக எதையும் எழுத மாட்டேன். பிள்ளை அவருடன் இருந்தாள். சனிக்கிழமைகள் எனக்கு. அந்தச் சனிக்கிழமைகளை நம்பித்தான் மற்ற ஆறு நாளும் ஓடின.

இப்போது யோகராணி ரொறன்ரோவில் ஒருவரை மணம் முடிக்க இருக்கிறார். எனக்கு எரிச்சல் இல்லை என்று எழுதினால் அது பொய். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. அவர்கள் ரொறன்ரோ போவதற்கும் நான் தடை சொல்லவில்லை. மணம் முடிக்கப் போகிறவர் பிள்ளையைத் தத்தெடுக்க விரும்புகிறாராம். அதற்கு முதலில் நான் தகப்பன் இல்லை என்று ஆக வேண்டுமாம். என் மறுப்பு அதற்கு மட்டுமே.

8. சென்ற மார்ச் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, யோகராணியின் தமையனார் தவசீலன் ரொறன்ரோவிலிருந்து வந்து, என்னை ரொக்ஸ்பரோ வீட்டுக்குக் கூப்பிட்டார். குசினி மேசையில் கடதாசி ஆயத்தமாக இருந்தது. பிள்ளை சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தாள். இது சரிவராது, பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன். அதற்கு அவர், "பெத்த தேப்பன் மாதிரிக் கதைக்காதையும். உம்மட பேரைக்கூடப் பிள்ளைக்கு வைக்கேல்லை நீர்" என்றார்.

யோகராணி குனிந்த தலை நிமிரவில்லை. நான், "பேனையைத் தாரும்" என்றேன்.

எனக்கு உதவிய சட்ட உதவி வழக்கறிஞர், கடதாசி பிரெஞ்சில் இருந்தது, விளங்காமல் கையெழுத்து வைத்தேன் என்று சொன்னால் வழக்கு இலகு என்றார். அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்கு அவ்வளவு பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது என்பது உண்மை. ஆனால் அது என்ன கடதாசி என்று நன்றாகவே தெரியும். ரோசத்தில் வைத்த கையெழுத்து அது. ஒருவராவது என் கையைப் பிடித்து, இருங்கோ, அவசரப்படாதையுங்கோ என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்து, மெல்ல மெல்ல, என் முழுப் பெயரையும் எழுதினேன். கந்தையா என்று எழுதி முடிக்கும்வரை ஒருவரும் மறிக்கவில்லை. பேரின்பநாதன் என்பது நீளமான பெயர். அதை முடிக்கும்வரையும் மறிக்கவில்லை. மிதுஷா அந்த வீட்டில் இருந்திருந்தால் இரண்டாம் தரம் கேட்டிருப்பாள்.

9. சம்மதத்தைத் திரும்பப் பெறுவதென்றால் முப்பது நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். நான் போய்ச் சொன்னது எழுபத்திரண்டாம் நாள். ஏன் இவ்வளவு சுணக்கம் என்று தாங்கள் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். யோகராணி ரெலிபோன் எடுத்து, "என்ன விசர் வேலை பாத்திருக்கிறியள், வந்து அதைக் கிழியுங்கோ" என்று சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். எழுபத்திரண்டு நாள் காத்திருந்தேன். ஐம்பத்தொரு வயது மனிதன் செய்கிற வேலையா இது என்று என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

10. விண்ணப்பத்தின் நாலாவது பந்தியைத் திரு. ஜோன்சன் எனக்கு வாசித்துக் காட்டினார். "எதிர்மனுதாரர் பிள்ளைக்குத் தன் பெயரைக் கொடுக்க மறுத்தவர். இறந்த தகப்பனையே தகப்பனாகக் காட்டி வளர்த்தவர். ஆகவே தன்னை ஒரு தகப்பனாக அவரே கருதவில்லை" என்று அதில் உள்ளது.

அம்மணி, இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திரு. ஜோன்சன், இங்கே நான் கோபமாக எழுதுகிறேன். செத்துப்போன ஒருவனின் பெயரைப் பிள்ளையிடமிருந்து பிடுங்காமல் விட்டது குற்றமா? வருடாவருடம் அவனுக்குக் கோப்பி வாங்கி வைத்தது குற்றமா? அவனை மறக்கப் பண்ணி, படத்தைக் கழற்றி, என் பெயரைப் போட்டு வளர்த்திருந்தால் இன்று நான் நல்ல தகப்பனாம். இந்தப் பந்தியை யோகராணி சொல்லி எழுதியிருக்க மாட்டார். நீதிமன்றப் படியில் நின்று அழுதவர் அப்படிச் சொல்ல மாட்டார் என்று இன்னும் நம்புகிறேன். யார் எழுதியிருந்தாலும், அந்தப் பந்தி அநியாயம்.

11. இன்னும் ஒன்று இருக்கிறது. இதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. என் வழக்கறிஞருக்கும் தெரியாது. தெரிந்தால் எழுத விட்டிருக்க மாட்டார்.

கையெழுத்து வைத்த அடுத்த சனிக்கிழமை நான் நீச்சலுக்குப் போகவில்லை. கூப்பிட்டால்தான் போவது என்று வீட்டில் இருந்துவிட்டேன். ரொக்ஸ்பரோவில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த இந்திராதேவி அக்காவின் மகளும் அதே வகுப்புத்தான். அவர் பிறகு சொன்னார், மிதுஷா ஒவ்வொரு தரமும் சுவரைத் தொட்டதும் நிமிர்ந்து வாங்கைப் பார்த்தாளாம்.

அன்று மத்தியானம் என் ரெலிபோன் அடித்தது. மிதுஷாவின் பெயர். எடுத்தால் அழுதுவிடுவேன் என்று எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மீண்டும் அடித்தது. அதையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிள்ளை இரண்டு தரம் கேட்டாள் அம்மணி. அவளுக்கு என்னைத் தெரியும். அதனால்தான் இரண்டு தரம் கேட்டாள். பதில் சொல்லாமல் இருந்தவன் நான். அடுத்த நாள் நான் எடுத்தபோது அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. இன்றைக்கு எட்டு மாதமாகிறது, அவளுடைய குரலை நான் கேட்கவில்லை. அவளுடைய நீச்சல் கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது. நீலப் பட்டி போட்டது. இப்போது அது அவளுக்கு அளவாகவும் இராது. சனிக்கிழமைகளில் அதைக் கழுவித் துடைத்து வைக்கிறேன். என் அறைச் சுவரில் அவளுடைய படம் ஒன்று மாட்டியிருக்கிறேன். அவளுடைய புது வீட்டுச் சுவரில் என்னுடைய படம் வந்துவிடக்கூடாது. பிள்ளைக்கு ஒரு படத்து அப்பா போதும்.

12. ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது:

(அ) காலம் கடந்திருந்தாலும், மார்ச் 9ஆம் திகதி வைத்த என் கையெழுத்தை நான் திரும்பப் பெற, நீதிபதி அவர்களுக்குத் தங்கள் அறிக்கையில் பரிந்துரைக்க வேண்டும்.

(ஆ) மிதுஷாவின் பெயரோடு உள்ள றஜிந்தன் என்ற பெயரை, வழக்கு எப்படி முடிந்தாலும், எவரும் மாற்றாதபடி பார்க்க வேண்டும். நான் தோற்றாலும் இந்தக் கோரிக்கை நிற்க வேண்டும்.

(இ) தாங்கள் மிதுஷாவைத் தனியே சந்திக்கும்போது, எந்த அப்பா வேண்டும் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். அது பிள்ளையிடம் கேட்கும் கேள்வி அல்ல. யாரைச் சொன்னாலும் மற்றவரை நினைத்து அழுவாள். அவள் இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தது எனக்குக் கேட்டது என்று மட்டும் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் 15ஆம் திகதி விசாரணை. சட்டம் ஒருவரிடம் ஒரு தரம்தான் கேட்கும், வேண்டாம் என்றால் எழுதிக்கொண்டு போய்விடும் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. ஆனால் தங்கள் வேலை இன்னொரு தரம் கேட்டுப் பார்ப்பது என்று திரு. ஜோன்சன் சொன்னார். அப்படியானால், அன்று நீதிமன்றத்தில் எல்லார் முன்னிலையிலும் என்னிடம் கேளுங்கள். முதல் தரமே சொல்லுவேன்.

வேணும். எனக்கு என் பிள்ளை வேணும்.

தங்கள் முடிவுக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
கந்தையா பேரின்பநாதன்
மிதுஷா றஜிந்தனின் தகப்பன்

இடம்: மொன்ட்ரியால்-நோர்
திகதி: 16.11.2025

இணைப்பு: தத்தெடுத்த தீர்ப்பின் பிரதி ஒன்று. மூலப்பிரதி என் கோட்டுப் பையில் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன், தர மாட்டேன்.